யாரும் தேடாத சொற்கள்

“கடையை மூடறேன்டி. அந்த வெப்சைட்டையும் எடுத்துடு. சும்மா எதுக்குத் தொங்கிக்கிட்டிருக்கணும்?”

அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். மாதக் கடைசியில் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாளாம். அவள் முன்பு பதினாறு வருடம் வேலை பார்த்த துணிக்கடையில், அதே உள்ளாடைப் பிரிவுக்கு, அடுத்த மாதம் முதல் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாரேன்க்கா.”

“எட்டு மாசம் பொறுத்தாச்சு. போன் அடிச்சா, மேடைப் பேச்சு வகுப்பு எத்தனை மணிக்குன்னு கேக்கறாங்க. போன வாரம் ஒரு ஆள், அவன் பையனுக்கு நாலு பேர் முன்னாடி நின்னா கை நடுங்குதாம், சரி பண்ணிடுவீங்களான்னு கேட்டான். நான் என்னத்தைச் சரி பண்றது? அவனுக்கு கப் சைஸா எடுக்க முடியும்?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். சனிக்கிழமை வந்து சாமான்களைக் கட்ட உதவுவதாகச் சொல்லி போனை வைத்தேன்.

அக்காவின் கடை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரே ஓர் அறை. புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்ட பெண்களுக்கு அவள் உள்ளாடை தைத்துக் கொடுக்கிறாள். உள்ளே ஒரு பை வைத்துத் தைத்தது. அந்தப் பைக்குள் செயற்கை மார்பகத்தைப் பொருத்துவாள். அறுவை முடிந்த புதிதில் ஃபோம், தழும்பு ஆறியபின் சிலிக்கான். ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருந்தால் நாளடைவில் தோள் சரிந்து முதுகு வலிக்கும் என்று, சமையலறைத் தராசு ஒன்றை மேசையில் வைத்திருந்தாள். துணிக்கடையில் இருந்தபோது ஒரு பெண் உடை மாற்றும் அறைக்குள் போய் அரைமணி நேரம் வெளியே வராமல் அழுதிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்காகக் கையாலேயே ஒரு பை தைத்துக் கொடுத்ததில் ஆரம்பித்தது இது.

இந்த வியாபாரத்தில் வாய்வழிச் சொல்லுக்கு வழியில்லை. நல்ல டாக்டரைப் பற்றிச் சொல்வார்கள், நல்ல தையல்காரரைப் பற்றிச் சொல்வார்கள். ‘எனக்கு இங்கேதான் வாங்கினேன்’ என்று இதை யாரும் இன்னொருவரிடம் சொல்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, போனில் தேடித்தான் வருவார்கள். ஆகவே அக்காவுக்கு வலைத்தளம்தான் வாசல். அந்த வாசலை நான் பார்த்துக்கொண்டேன்.

நான்கு மாதங்களுக்கு முன்பு அவள் என்னிடம் கேட்டாள். “ஏன்டி, திடீர்னு யாருமே வர மாட்டேங்கறாங்களே? உனக்கு ஏதாவது தோணுதா?”

எனக்கு ஏதோ தோன்றியது. தோன்றியதை உடனே சொன்னேன். “நீ பேசறதுதான்க்கா. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசறே. வர்றவங்க ஏற்கெனவே நொந்து போயிருப்பாங்க. உள்ள வந்ததும் ‘சட்டையைக் கழட்டுங்க, பார்க்கலாம்’னா எப்படி இருக்கும்?”

“கழட்டாம எப்படி அளவெடுக்கறது?”

“அதுக்கில்லை. கொஞ்சம் பதமா.”

அவள் யோசனையோடு அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நான் போனபோதெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். ஒருமுறை, ஓர் அம்மாளை அனுப்பிவிட்டு வந்து, “இப்ப சரியா பேசினேனா?” என்று என் முகத்தைப் பார்த்தாள். “பரவாயில்லை,” என்றேன். பெரிய மனது பண்ணுகிறவளைப் போல.

சனிக்கிழமை போனபோது அலமாரியில் பாதி காலியாகிவிட்டிருந்தது. சிலிக்கான் பெட்டிகளை எண் வாரியாக அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆளுயரக் கண்ணாடியின் மேல் எப்போதும் ஒரு துணி போட்டிருப்பாள், வந்தவர்கள் கேட்டால் மட்டும் எடுப்பாள். அந்தத் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். விளையாட்டு உடை, தோளில் பை, ஈரம் காயாத தலை.

“இது... அந்தக் கடைதானே?”

“வாங்க, உக்காருங்க,” என்றாள் அக்கா, பழகிய மெல்லிய குரலில். “உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப பேசலாம். ஒண்ணும் அவசரமில்லை.”

“எனக்கு அவசரம்தாங்க. இடது பக்கம் எடுத்து ஒன்பது மாசம் ஆச்சு. நான் நீச்சல் சொல்லித் தர்றேன், ஸ்கூல் பிள்ளைங்களுக்கு. எட்டு மாசமா பயறு கட்டிக்கிட்டுத் திரியறேன்.”

“பயறா?”

“சாக்ஸ்ல போட்டுத் தைச்சேன். பஞ்சு வெச்சா ஏறிக் கழுத்துக்கு வந்துருது. பயறுன்னா கனமா அங்கேயே நிக்குது. ஒரு நாள் பிள்ளைங்க தண்ணி அடிச்சு நனைஞ்சு போச்சு. காய்ஞ்சிடும்னு அப்படியே விட்டுட்டேன். மூணாம் நாள் என்னமோ குத்துதேன்னு பிரிச்சுப் பார்த்தா, முளை விட்டிருக்கு!”

அக்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவளுடைய சொந்தச் சிரிப்பு, கீழே கண்ணாடிக் கடைவரை கேட்கக்கூடியது. அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால் வந்த நீர் மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றியது.

“முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?” என்றாள் அக்கா.

“எங்க வர்றது? ஆஸ்பத்திரியில நர்ஸ் ஒரு சீட்டு குடுத்தாங்க, உங்க வெப்சைட் அட்ரஸ் இருந்துச்சு. அதை அடிச்சா ‘இந்தப் பக்கம் இல்லை’ன்னு வருது. எனக்கே தெரியும் இந்தப் பக்கம் இல்லைன்னு, அதைச் சொல்ல ஒரு போனா?”

அக்கா மறுபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் மடித்த துணியோடு அப்படியே நின்றேன்.

“சைட் இருக்கேம்மா. என் தங்கச்சிதான் பார்த்துக்கறா. இதோ, இவதான்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“சரி, அட்ரஸ்தான் தப்புன்னு தேடியும் பார்த்தேங்க,” என்று அந்தப் பெண் போனை எடுத்து, முன்பு தேடியவற்றை எனக்குக் காட்டினாள். “‘மார்பகம் எடுத்த பிறகு நீச்சல் உடை’. ‘செயற்கை மார்பகம் எங்கே கிடைக்கும்’. ‘ஒரு மார்பு இல்லாதவர் என்ன உள்ளாடை போடுவது’. எல்லாம் போட்டேன். என்னென்னவோ வந்துச்சு, நீங்க வரலை. கடையை மூடிட்டாங்க போலன்னு விட்டுட்டேன். நேத்து துணி தைக்கக் குடுக்கப் போன இடத்துல அந்தம்மா அளவெடுக்கும்போது கண்டுபிடிச்சு, மெதுவா உங்களைப் பத்திச் சொன்னாங்க.”

“ஏதோ டெக்னிக்கல் பிரச்சினையா இருக்கும்,” என்றேன். “நான் பார்க்கறேன்.”

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய். அக்கா தலையாட்டிவிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தேன்.

நான் பார்க்கும் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். சமையலறை அலமாரி செய்யும் நிறுவனம் ஒன்றின் வலைத்தளத்தை எழுதிப் பராமரிக்கிறேன். தேடுகிறவர்கள் கண்ணில் எங்கள் பக்கம் படும்படி செய்வதற்குத்தான் சம்பளம். எங்கள் மேலாளருக்கு ‘இல்லத்தரசியின் சிம்மாசனம்’ என்று தலைப்பு வைக்க ஆசை. ‘சார், அதை யாரு சார் அடிச்சுத் தேடுவாங்க? சின்ன சமையலறைக்கு அலமாரின்னுதான் தேடுவாங்க. அவங்க வார்த்தையைத்தான் நாம எழுதணும்’ என்று மாதம் ஒருமுறையாவது அவரோடு மல்லுக்கட்டுவேன். ஒரு பக்கத்தின் முகவரியை மாற்றினால், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் ஒரு வரி எழுத வேண்டும். வீடு மாறிப் போகிறவர்கள் பழைய கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவதைப் போல. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஓர் ஓட்டைகூட இல்லை.

படியில் உட்கார்ந்து, எட்டு மாதமாக நான் திறந்தே பார்க்காத தேடல் அறிக்கையைத் திறந்தேன். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது என்று அது பட்டியல் போடும். வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் மாடியிலிருந்து விழுந்ததைப் போலத் தரைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய பட்டியலில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். ‘மார்பு எடுத்தபின் சட்டை சரியாக நிற்கவில்லை’. ‘செயற்கை மார்பகம் வேலைக்குப் போட்டுப் போகலாமா’. ‘மார்பகம் எடுத்த அம்மாவுக்கு என்ன வாங்குவது’. அதற்குப் பிந்தைய பட்டியல் சின்னது. ‘தன்னம்பிக்கை வளர்ப்பது எப்படி’. ‘நம்பிக்கை கவிதைகள்’. ‘மேடை பயம் போக’.

அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

என் கணவர் வீட்டாருக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு, முப்பத்தொரு பேர். மாமியார், மாமனார், கொழுந்தன்கள், அவர்களுடைய சம்பந்திகள்வரை. அக்கா தனியாகக் கடை வைத்து ஒரு வருடம் ஆன பெருமையில், அவளுடைய வலைத்தளத்தின் இணைப்பை அதில் போட்டேன். இணைப்பைப் போட்டால் அந்தப் பக்கத்தின் தலைப்பு பெரிய எழுத்தில் தானாகவே வந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. ‘மார்பகம் எடுத்தவர்களுக்கான உள்ளாடை, செயற்கை மார்பகம்’ என்று தடித்த எழுத்தில், கீழே ஒரு படத்தோடு வந்து நின்றது. தலைப்பை எழுதியவள் அக்கா. பக்கம் முழுவதையும் அவள்தான் எழுதியிருந்தாள், வாயால் பேசுவதைப் போலவே.

யாரும் ஒன்றும் எழுதவில்லை. முப்பது பேரும் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. நாற்பது நிமிடம் கழித்து, கணவரின் சித்தப்பா பூங்கொத்துப் படத்தோடு ‘இனிய மதிய வணக்கம்’ போட்டார். உடனே எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு அவருக்கு மதிய வணக்கம் சொன்னார்கள். அத்தனை வணக்கங்களும் சேர்ந்து என் அக்காவின் தலைப்பைத் திரைக்கு மேலே தள்ளிவிட்டன.

அன்று மாலை கணவர், “கொஞ்சம் டீசன்ட்டா எழுதக் கூடாதா உங்கக்கா?” என்றார். அவர் சொன்னதால்தான் மாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. படியில் உட்கார்ந்திருந்தபோது அந்த வசதி போய்விட்டது. அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்வதற்குள் பாதியை மாற்றி முடித்திருந்தேன். அலுவலகத்திலேயே, மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில்.

அந்தச் சொல் இருபத்து மூன்று இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். தலைப்பு, ‘உங்கள் நம்பிக்கைக்கு ஒரு புது வடிவம்’ என்று ஆனது. உள்ளாடை, ‘பிரத்யேக ஆடை’. செயற்கை மார்பகம், ‘மென்மையான துணை’. முகவரியிலும் அந்தச் சொல் இருந்ததால் முகவரியையும் மாற்றினேன். பழைய கதவில் சீட்டு ஒட்டவில்லை. மறதி அல்ல. அந்தக் கதவே இல்லாமல் போனால் நல்லது என்று இருந்தது.

அக்காவிடம் காட்டியபோது, “அழகா இருக்குடி,” என்றாள். பிறகு, “ஆனா நம்ம கடை மாதிரி இல்லையே?” என்றாள்.

“இப்பல்லாம் இப்படித்தான்க்கா எழுதறாங்க.”

“நீ சொன்னா சரி. உனக்குத்தானே தெரியும்.”

உள்ளே திரை விலகும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போனேன். நீச்சல் டீச்சர் கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பித் திரும்பித் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பின்னால் நின்று இரண்டு தோள்களையும் அழுத்தி மட்டம் பார்த்தாள்.

“மூடப் போறீங்களாமே?” என்றாள் அந்தப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்து. “இப்பத்தாங்க கண்டுபிடிச்சேன்.”

அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் போனபின் சொல்லியிருக்கலாம். அட்டைப் பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். அக்காவின் பழைய எழுத்து என்னிடம் பத்திரமாக இருந்தது. அழிக்க மட்டும் மனம் வரவில்லை போலிருக்கிறது. இருபத்து மூன்று இடங்களிலும் அந்தச் சொல்லைத் திரும்ப வைத்தேன். பழைய முகவரியை உயிர்ப்பித்தேன். தேடுபொறிக்கு, மறுபடி வந்து பார்க்கச் சொல்லி விண்ணப்பம் அனுப்பினேன். என் கணக்கு இதுதான்: கூட்டம் திரும்ப வரும், அக்கா கடையை மூட மாட்டாள், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. பாத்திரத்தை உடைத்த பிள்ளை ஒட்டவைத்து அலமாரியில் திருப்பி வைக்குமே, அந்தக் கணக்கு.

ஆனால் நம் அவசரம் தேடுபொறிக்குத் தெரியாது. எட்டு மாதம் யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்தை அது வந்து படித்து, நம்பி, மறுபடி மேலே ஏற்ற வாரக்கணக்கில் ஆகும். இதையும் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அலுவலகத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடிப் பார்த்தேன். கழிவறைக்குள் போய் அந்தச் சொல்லைத் தட்டித் தேடினேன். யாருக்கும் தெரியாமல் தேட வேண்டியிருக்கும் பெண்களின் அவசரத்தில் ஒரு துளி அப்போது எனக்குப் புரிந்தது என்று சொன்னால் அது மிகை. பக்கத்து மேசைக்காரி திரையைப் பார்த்துவிடுவாளோ என்ற பயம்தான் எனக்கு.

புதன்கிழமை அக்கா கூப்பிட்டாள். அலமாரியைக் கீழே கண்ணாடிக் கடைக்காரர் கேட்டாராம், கொடுத்துவிடப் போகிறாளாம்.

“நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்டி,” என்றாள் நடுவில், சாதாரணமாக. “எனக்குப் பேசத் தெரியலை. எவ்வளவோ பழகிப் பார்த்தேன், வரலை. துணிக்கடையில நின்னா அந்தத் தொல்லை இல்லை பாரு. சைஸைப் பார்த்தோமா, எடுத்துக் குடுத்தோமான்னு போயிடும்.”

அவள் ரொம்ப நாளாக அலசி, ஒரு முடிவுக்கு வந்து, அதோடு சமாதானமாகிவிட்ட குரல். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

வியாழன் அரைநாள் லீவு போட்டுப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து, பாதியில் நின்ற ஒரு பையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நீச்சல் டீச்சருக்கானது. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயந்து.

“அக்கா, யாரும் வராததுக்கு உன் பேச்சு காரணமில்லை.”

“பின்னே?”

“நான்தான்.”

“நீ என்ன பண்ணினே?”

“வெப்சைட்ல எல்லாத்தையும் மாத்தினேன் இல்ல? அப்ப ஒரு வார்த்தையை எடுத்துட்டேன். தேடறவங்க அதைப் போட்டுத்தான் தேடுவாங்க. அது இல்லாததால நம்ம பக்கம் அவங்களுக்குக் காட்டவே இல்லை. பழைய அட்ரஸையும் சாகடிச்சுட்டேன். நர்ஸ் குடுத்த சீட்டெல்லாம் வீணாப் போச்சு.”

“என்ன வார்த்தை?”

“அதான்...”

“எது?”

என் கை என் மார்பின் பக்கம் போய், தொடாமல், அந்தரத்தில் ஒரு வட்டம் போட்டது. அக்கா அந்தக் கையையே பார்த்தாள்.

“கையால காட்டறே,” என்றாள்.

நான் கையைக் கீழே விட்டேன்.

“ஏன் எடுத்தே?”

குழு, சித்தப்பா, மதிய வணக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமான காரணம் என்று எனக்கே கேட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. முப்பது பேர் ஒரு மதியம் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

“இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“சனிக்கிழமை. அந்தப் பொண்ணு வந்தப்ப.”

“இன்னிக்கு வியாழன்.”

“ஆமா.”

“டெக்னிக்கல்னு சொன்னே.”

அவள் ஊசியை நாற்காலித் துணியில் குத்தி வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் அவள் கை முதுகில் விழுந்தால் ஐந்து விரலும் பதியும். அப்படி ஒன்று விழுந்தால் தேவலை என்றிருந்தது.

“இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகினேன்டி,” என்றாள். “காலையில வந்து, கதவைச் சாத்திட்டு. ‘உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப பேசலாம்’. ‘ஒண்ணும் அவசரமில்லை’. நாலு மாசமா. வர்றவங்களே இல்லை, நான் மட்டும் வணக்கம் சொல்லிக்கிட்டு நின்னேன்.”

“அக்கா...”

“என்னை விடு. எட்டு மாசத்துல எத்தனை பேர் அதைப் போட்டுத் தேடியிருப்பாங்க? உன்னால எண்ணிச் சொல்ல முடியுமா?”

முடியும். அறிக்கையில் அதற்கும் கணக்கு உண்டு. நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

“வீட்டுக்குப் போ,” என்றாள். “நான் இதைத் தைக்கணும்.”

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் போனை எடுக்கவில்லை. அறையைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று அறையின் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. அறையை ஒரு டியூஷன் சென்டருக்குப் பேசி முடித்துவிட்டாராம். துணிக்கடையில் வருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று, வீட்டுக்கு அந்தச் சம்பளமும் வேண்டும். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. வேலைக்காரரிடம் வேலை சொல்லும் குரல்.

“சைட்டை எடுக்காதே. கடை அட்ரஸை அழிச்சுட்டு என் வீட்டு அட்ரஸைப் போடு. முன்னறை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல, ஞாயித்துக்கிழமை முழு நாளும். போன் நம்பர் உன்னோடதைப் போடு.”

“என்னோடதா?”

“துணிக்கடையில போனை லாக்கர்ல வாங்கி வெச்சுக்குவாங்க. பகல்ல வர்ற போனை யாரு எடுப்பா?”

அது உண்மைதான். அது மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. என் நம்பரைப் போட்டேன்.

ஐந்து வாரம் கழித்து முதல் போன் வந்தது. மேடைப் பேச்சுக்காரர்களைக் கணக்கில் சேர்க்காமல், முதல் போன். அலுவலகம் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு பக்கமும் ஆட்கள், பிடிக்கக் கம்பிகூடச் சரியாக எட்டவில்லை.

“ஹலோ... இந்த நம்பர் வெப்சைட்ல பார்த்தேன். நீங்க... அது... இந்த ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு... அது குடுக்கறீங்களா?”

இளம் குரல். இருபத்தைந்துகூட இருக்காது. ‘அது’ என்று சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மறுமுனையில் ஒரு கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னேன்.

“கேக்கலைங்க,” என்றாள். “ரொம்ப சத்தமா இருக்கு. இன்னொரு தரம் சொல்லுங்க.”

“மார்பகம் எடுத்தவங்களுக்கான உள்ளாடைங்க,” என்றேன். “செயற்கை மார்பகமும் இருக்கு.”

முன் இருக்கையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், பார்க்காதவர் போல மேலே பார்த்தார். என் காது மடல்வரை சூடு ஏறிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஏறியது. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

“ஆமாங்க, அதேதான்,” என்றாள் அந்தப் பெண், மூச்சை விட்டு. “எங்க வரணும்?”

விலாசத்தைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி என்று முடிவுசெய்து, என் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். பஸ் போகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அக்கா வேலை முடிந்து போனைத் திரும்ப வாங்கும் நேரம் ஆகியிருந்தது. கூப்பிட்டேன்.

“ஒருத்தங்க வர்றாங்கக்கா. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு.”

“ஆபரேஷன் எப்ப ஆச்சாம்?”

“கேக்கலை.”

“தழும்பு ஆறிடுச்சா?”

“அதுவும் கேக்கலை.”

“ஆறலைன்னா சிலிக்கான் வைக்க முடியாது, ஃபோம் வெட்டி வெச்சிருக்கணும். கேக்காம எப்படித் தயார் பண்றது? திரும்பக் கூப்பிட்டுக் கேளு. எந்தப் பக்கம்னும் கேளு.”

“இப்பவா?”

“பின்னே எப்ப?”

நடைபாதையில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஒதுங்கிப் பேச ஒரு சந்தாவது இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒரு செருப்புக் கடையின் வாசலில், மூன்று பேர் விலை கேட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே நின்று, அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டேன்.